மறைபோதகர் ஒருவரின் ஒரு நாள்



பிள்ளை கடல் கடந்து போவது நம் பகுதிக்குப் புதிதன்று. சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையை ஒட்டிய தெருக்களிலும், திருவொற்றியூரிலும், காசிமேட்டிலும், எண்ணூரிலும் கப்பலேறிய மகனை, வளைகுடா நாட்டில் பற்றவைப்பு வேலை பார்க்கும் தம்பியை உடைய வீடுகள் எத்தனையோ உண்டு. பயணத்தன்று தெருவே திரண்டு வந்து வழியனுப்புகிறது. பாட்டி நெற்றியில் சிலுவை வரைகிறாள். அம்மா ஊறுகாய்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கிறாள். கண்ணீர் உண்டு, ஆனால் அக்கண்ணீருக்குள் ஒரு பெருமிதமும் உண்டு.

அதே வீட்டுப் பிள்ளை ஒருநாள், “நான் குருவாகி அயல்நாட்டு மறைபோதகத்துக்குப் போக விரும்புகிறேன்” என்று சொல்லட்டும். வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது. சம்பளத்துக்காகப் போவதற்கு இடம் தரும் நம் நெஞ்சம், இறைவனுக்காகப் போவதற்கு ஏன் இத்துணைத் தயங்குகிறது?

தாய்மார்கள் நம்மிடம் வந்து கேட்கும் கேள்விகள் மிக எளியவை. “சாமி, அங்கே போய் அவன் என்னதான் செய்வான்? யார் சோறாக்கிப் போடுவார்கள்? காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் இருப்பார்கள்?” இக்கேள்விகளை விசுவாசக் குறைவு என்று தள்ளிவிடுவது முறையன்று. பிள்ளையைப் பெற்றவள் வேறு எதைக் கேட்பாள்? உண்மையைச் சொன்னால், இக்கேள்விகளுக்கு நாம் நம் மக்களுக்கு விடை தந்ததே இல்லை. புனிதர்களின் சரிதையைப் படிக்கும்போது வாளையும் முடியையும் பற்றிச் சொல்கிறோம். பிறப்பையும் இறப்பையும் விரித்துரைக்கிறோம். இடையே கழிந்த சாதாரண நாட்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆதலால் இம்மாதம் அந்தச் சாதாரண நாட்களையே சற்று உற்று நோக்குவோம்.

அதற்கு அயல்நாட்டுக்குப் போகவேண்டியதில்லை. நம் தமிழ் மண்ணே ஒருவருக்கு அயல்நாடாக இருந்தது. மொழி தெரியாத, சோறு பழகாத, வெயில் தாங்காத இளைஞராக அவர் இங்கு வந்தார். நாம் அவரைப் புனித அருளானந்தர் என்று வணங்குகிறோம். அவர் தாய்க்கு அவர் ஜான் தெ பிரிட்டோ. கடல் கடந்து போய்விட்ட மகன்.

தாயின் நேர்த்தியும் தாயின் தடையும்

1647-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள் போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில், உயர்குடி ஒன்றில் அவர் பிறந்தார். தந்தை, பிரேசில் நாட்டு ரியோ டி ஜனேரோவின் ஆளுநராக அமர்ந்தவர். பிள்ளை சிறு குழந்தையாய் இருக்கையிலேயே காலமானார். சிறுவன் அரண்மனையில் இளவரசர் பேதுருவுக்குத் தோழனாக வளர்ந்தான். ஒருமுறை கடும் நோயுற்று உயிருக்கு மன்றாடிய வேளையில், அவன் தாய் புனித சவேரியாரை நோக்கி ஒரு நேர்த்தி செய்துகொண்டார்: பிள்ளை பிழைத்தால் ஓராண்டு முழுவதும் இயேசு சபையினரின் அங்கியை அவனுக்கு அணிவிப்பேன் என்று. பிள்ளை பிழைத்தான். அரண்மனைப் பட்டாடைகளுக்கு நடுவே கறுப்பு அங்கியோடு திரிந்த அச்சிறுவனைக் கண்டு எல்லாரும் புன்னகைத்தனர்.

ஓராண்டு முடிந்ததும் அங்கி கழற்றப்பட்டது. ஆனால் அது உடலை விட்டுக் கழன்றதேயன்றி உள்ளத்தை விட்டுக் கழலவில்லை. 1662 டிசம்பரில், 15 வயதில், அவர் உண்மையாகவே அச்சபையில் சேர்ந்தார். 1673-இல் குருப்பட்டம் பெற்றார். இந்திய நாட்டு மறைபோதகத்துக்குத் தம்மை அனுப்புமாறு பலமுறை வேண்டிக்கொண்டிருந்தவருக்கு அனுமதியும் கிடைத்தது.

அப்போது தாய் என்ன செய்தார்? தம் மகனை அனுப்பவேண்டாம் என்று தடுத்தார். திருத்தந்தையின் தூதுவர் வரையில் சென்று முறையிட்டார் என அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். சவேரியாரிடம் தாமே நேர்ந்துகொண்டு பிள்ளையை மீட்ட தாய், அச்சவேரியார் சென்ற வழியிலேயே பிள்ளை செல்ல விரும்பியபோது கலங்கிப்போனார். இதைப் படிக்கும் தாய்மார்களே, உங்கள் அச்சத்தில் நீங்கள் தனியாக இல்லை. புனிதரைப் பெற்றவரும் அஞ்சினார். அச்சம் பாவமன்று. அச்சத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

முதற்பணி மொழி

1673 மார்ச்சில் கப்பல் புறப்பட்டது. அக்காலத்தில் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டுதான் இந்தியாவுக்கு வரவேண்டும். ஏறத்தாழ ஆறு மாதங்கள் கடலில் கழிந்தன. கெட்டுப்போன குடிநீரும், பரவும் காய்ச்சலும் அக்கப்பல்களில் வழக்கம். இளங்குரு ஒருவரின் மறைபோதகம் கரையில் தொடங்கவில்லை. கப்பலின் அடித்தட்டில், நோயாளியின் தலைமாட்டில் தொடங்கியது. செப்டம்பரில் கோவாவை அடைந்தார். மறு ஆண்டு மேற்குத் தொடர்ச்சி மலையைக் கால்நடையாகக் கடந்து, 1674 சூலை மாத இறுதியில் மதுரை மறைத்தளத்தில் அடி வைத்தார். அப்போது அவருக்கு வயது 27.

அந்த மறைத்தளம் 1606-இல் தத்துவ போதகர் எனப் பெயர் பெற்ற இராபர்ட் தெ நோபிலி அடிகளார் மதுரையில் தொடங்கியது. மதுரை என்று பெயர் இருந்தாலும் தஞ்சை, செஞ்சி, மறவர் நாடு எனப் பல அரசுகளில் அது பரவியிருந்தது. அரசர்கள் ஒருவரோடொருவர் போரிட்ட காலம் அது. குதிரைப் படை வந்தால் ஊர் காலியாகும். மழை பொய்த்தால் பஞ்சம். ஆறு பெருகினால் வெள்ளம்.

இங்கு வந்து சேர்ந்த இளங்குரு முதலில் மாணவராக அமர்ந்தார். பல்கலைக் கழகத்தில் தத்துவம் கற்றவர், ழகரத்துக்கு நாவை மடக்கக் கற்றார். யோவான் என்னும் பெயருக்கு இறைவன் அருள் கூர்ந்தார் என்பது பொருள். அதைத் தழுவி அருளானந்தர் என்று தமிழ்ப்பெயர் பூண்டார். பெயர் மாறுவது சிறு காரியமன்று. தாய் தொட்டிலில் அழைத்த பெயரால் இனி எவரும் தம்மை அழைக்கப்போவதில்லை என்பதை அவர் ஏற்றுக்கொண்டார்.

விடியல் முதல் நள்ளிரவு வரை

மதுரை மறைத்தளக் குருக்கள் தங்கள் சபைத் தலைவர்களுக்கு ஆண்டுதோறும் நீண்ட கடிதங்கள் எழுதினார்கள். அக்கடிதங்களால் அவர்களுடைய அன்றாட வாழ்க்கை நமக்கு ஒருவாறு புலப்படுகிறது.

அருளானந்தர் பண்டார சுவாமிகள் எனப்பட்ட பிரிவைச் சேர்ந்தவர். காவி உடை, தலைப்பாகை, கையில் கோல், தரையில் படுக்கை. புலால், மீன், முட்டை, மது ஒன்றும் கிடையாது. சோறும் காய்கறியும் பாலுமே உணவு. அதுவும் நாளுக்கு ஒருவேளைதான். அரண்மனையில் வளர்ந்த வயிறு இதற்குப் பழக எத்தனை மாதங்கள் ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பின்னொரு காலத்தில் அவர் லிஸ்பனுக்குத் திரும்பிச் சென்றபோதும் அங்கே புலாலைத் தொடாமல் காய்கனிகளையே உண்டு, தரையிலேயே படுத்தார் என்று எழுதியுள்ளனர். தவத்துக்காக மேற்கொண்ட உணவு நாளடைவில் அவருடைய சொந்த உணவாகிவிட்டது.

பொழுது புலருமுன் தியானமும் திருப்பலியும். கோவில் என்பது மண்சுவரும் ஓலைக் கூரையுமே. சில இடங்களில் அதுவும் இல்லை, மரத்தடிப் பந்தல்தான். திருப்பலிக்கு வேண்டிய திராட்சை இரசம் உள்நாட்டில் கிடைப்பதன்று. கடற்கரைத் துறைகளிலிருந்து வரவேண்டும். வழியில் குப்பி உடைந்தால் திருப்பலி இல்லை.

பின்னர் உபதேசியார்கள் வருவார்கள். எந்த ஊரில் யார் நோயுற்றிருக்கிறார், யார் வீட்டில் பூசல், எங்கே வரி தண்டுபவர் தொல்லை என்று செய்தி சொல்வார்கள். திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்வோர் உட்கார்ந்து செபங்களை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். வயலில் நாள்தோறும் உழைத்த உடல், சொற்கள் நாவில் நில்லா. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். பொறுமை என்னும் புண்ணியம் பிரசங்க மேடையில் பிறப்பதன்று. இவ்வாறு ஒரே வாக்கியத்தை நூறு முறை சொல்லுமிடத்தில் பிறக்கிறது.

அதன்பின் நடை. நோயாளிக்குத் திருவருட்சாதனம் கொடுக்க ஒரு சிற்றூருக்கு, ஈமச்சடங்குக்கு வேறோர் ஊருக்கு. வரப்பு, மணல், முட்செடி. மாலையில் ஊர் வழக்குகள்: பிரிந்த கணவன் மனைவி, பங்காளிச் சண்டை, திரும்பாத கடன். இரவு விழுந்த பின்னரே பலர் பாவசங்கீர்த்தனத்துக்கு வருவார்கள். பகலில் ஆண்டையின் வேலையை விட்டு வர இயலாதவர்களும், கிறிஸ்தவர் என்று வெளியே தெரிவதற்கு அஞ்சியவர்களும் அவர்கள். திருநாள் நெருங்கினால் நள்ளிரவு கடந்தும் வரிசை குறையாது. ஆபத்து மிகுந்த மறவர் நாட்டில், இத்தனையும் முடிந்தபின் படுக்கும் இடமும் நிலையாக இருப்பதில்லை. காட்டுக்குள் ஒரு குடிசை. சில நாட்களில் வேறொரு காடு.

அன்னையரே, உங்கள் கேள்விகளுக்கு இதுவே விடையின் முதற்பகுதி. யார் சோறு போட்டார்கள்? உபதேசியாரும் ஏழை விசுவாசிகளும் போட்டார்கள். காய்ச்சலில் யார் பக்கத்தில் இருந்தார்கள்? அவர்களே இருந்தார்கள். தாயை விட்டு வந்தவருக்குத் தாய்மார் பலர் கிடைத்தனர். இது நாம் அழகுக்காகச் சொல்வதன்று. தம்மைப் பின்சென்றவர்களுக்கு நம் ஆண்டவர் கொடுத்த வாக்கு இவ்வாறே நிறைவேறுகிறது.

ஒரு காலையும் ஐயாயிரம் காலைகளும்

1686-இல் மறவர் நாட்டில் அருளானந்தரும் அவருடன் இருந்த உபதேசியார்களும் சிறை பிடிக்கப்பட்டனர். விலங்கிட்டனர், நீரில் அமிழ்த்தினர், சவுக்கால் அடித்தனர், மரண தண்டனையும் விதித்தனர். ஆனால் கிழவன் சேதுபதி என வழங்கிய இரகுநாத சேதுபதி அவரை நேரில் அழைத்துப் பேசிய பின், இனி இந்நாட்டில் போதிக்கக்கூடாது என்று சொல்லி விடுவித்தார். சபையினர் அவரைத் தங்கள் பிரதிநிதியாக ஐரோப்பாவுக்கு அனுப்பினர். 1687-இல் லிஸ்பன் சென்றார். சிறுவயதுத் தோழர் இப்போது அரசர். நீ இங்கேயே தங்கிவிடு என்று அவர் வற்புறுத்தினார். தாயும் உயிரோடு இருந்தார். தங்குவதற்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. உடலில் தழும்புகளும் இருந்தன. அவரோ 1690-இல் மீண்டும் இந்தியக் கரையில் இறங்கினார்.

முதல்முறை புறப்படுகையில் அவருக்கு அயல்நாடு ஒரு கனவு. இரண்டாம்முறை புறப்படுகையில் அது தெரிந்த இடம்: தெரிந்த பசி, தெரிந்த வெயில், தெரிந்த சவுக்கு. தெரியாமல் போவதை விடத் தெரிந்து திரும்புவதே பெரிது என்று நமக்குத் தோன்றுகிறது.

மறவர் நாட்டுத் தலைவர்களுள் ஒருவரான தடியத் தேவர் நோய் நீங்கி விசுவாசம் கொண்டார். 1693 சனவரி 6-ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றார். அதற்குமுன், முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் இளையவரான கடலை என்பவர் சேதுபதியின் உறவுப் பெண். அவர் அரசரிடம் முறையிட்டார். சரிதைகளில் இப்பெண்ணைச் சில சமயம் கொடியவளாகச் சித்திரிக்கிறார்கள். நாம் அவ்வாறு செய்ய வேண்டாம். கணவன் வீட்டிலிருந்து திடீரென வெளியேற்றப்பட்ட ஒரு பெண்ணின் துயரமும் துயரமே. நற்செய்தியின் விலையை எப்போதும் போதகர் மட்டும் கொடுப்பதில்லை என்பதை நாம் மறவாதிருப்பது நல்லது.

அருளானந்தர் பிடிபட்டார், ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். 1693 பிப்ரவரி 3-ஆம் நாள் சிறையில் மையின்றி, கரியை நீரில் குழைத்து, ஒரு துரும்பால் தம் சபையினருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள், திருநீற்றுப் புதன் அன்று, தலை வெட்டப்பட்டு உயிர் துறந்தார். 1853-இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 1947 சூன் 22-ஆம் நாள் 12-ஆம் பத்திநாதரால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். ஓரியூரின் செம்மணலை நம் வீடுகளில் எத்தனையோ பேர் பயபக்தியோடு வைத்திருக்கிறோம்.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். அவர் தமிழ் மண்ணில் பணியாற்றியது 14 ஆண்டுகளுக்கு மேல். ஏறத்தாழ 5,000 நாட்கள். அவற்றுள் வாள் வந்தது ஒரே ஒரு காலையில். மற்ற ஐயாயிரம் காலைகளில் வந்தவை செபம் ஒப்பிக்கத் தடுமாறும் முதியவரும், காய்ச்சலும், கால் வலியும், தீராத வழக்குகளுமே. அந்த ஐயாயிரம் காலைகளில் அவர் இல்லை என்று சொல்லியிருந்தால், அந்த ஒரு காலையில் ஆம் என்று சொல்லும் வலிமை வந்திருக்குமா? வேதசாட்சியின் முடி ஓரியூரில் சூட்டப்பட்டது. ஆனால் அது நாள்தோறும் ஓர் இழையாகப் பெயரற்ற சிற்றூர்களில் பின்னப்பட்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். உயர்குடியினர்க்கென ஒருவகைக் குருக்களும் மற்றவர்க்கென வேறுவகைக் குருக்களும் இருந்த காலம் அது. அருளானந்தர் பண்டார சுவாமியாக வாழ்ந்தது தாழ்த்தப்பட்டவரை அணுகுவதற்காகவே. ஆயினும் பிரிவினை பிரிவினையாகவே நின்றது. அவ்வடு இன்றுவரை நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் கூடத் தென்படுகிறது. புனிதரைப் போற்றுகிற நாம், அவர் காலம் தீர்க்காமல் விட்ட கடனைத் தீர்க்கக் கடமைப்பட்டவர்கள்.

நாமும் அனுப்பியிருக்கிறோம்

மறைபோதகர் என்றால் வெள்ளைத் தாடியும் நீலக் கண்ணும் என்று எண்ணுவோர் இன்னும் உண்டு. புனித ஜோசப் வாஸ் 1651-இல் கோவாவின் பெனோலிம் ஊரில் பிறந்தவர். நம் நாட்டுக் குரு. டச்சுக்காரர் இலங்கையில் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687-இல், கூலியாளின் உடையில் யாழ்ப்பாணப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தார். சேர்ந்ததும் வயிற்றுக்கடுப்பு அவரைப் படுக்கையில் தள்ளியது. எழுந்தபின் அவருடைய அன்றாட வேலை என்ன? கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்பது. செபமாலையைக் கண்டு எவர் கண்ணில் ஒளி படர்கிறதோ அவர் கத்தோலிக்கர் என்று அறிந்துகொள்வார். சில்லாலையில் மறைந்திருந்து பணி செய்தார். 1692-இல் கண்டிக்குச் சென்றபோது ஒற்றர் என்று ஐயுற்று அவரைச் சிறையிட்டனர். 1697-இல் அங்கே பெரியம்மை பரவியபோது, அஞ்சி ஓடியவர்கள் விட்டுச்சென்ற நோயாளிகளைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார். பௌத்த மன்னரின் நன்மதிப்பை அவருக்குப் பெற்றுத் தந்தது வாதத் திறமையன்று, அந்தப் பணிவிடையே. 1711 சனவரி 16-ஆம் நாள் கண்டியில் இறந்தார். 2015 சனவரி 14-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இன்றும் நம் தமிழ்நாட்டு இளங்குருக்களும் கன்னியர்களும் ஆப்பிரிக்க நாடுகளிலும், பப்புவா நியூகினியிலும், தென் அமெரிக்காவிலும் பணியாற்றுகின்றனர். அவர்கள் நாள் எவ்வாறு கழிகிறது என்று கேட்டால், மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அது அருளானந்தரின் நாளைப் போலவே இருப்பதைக் காணலாம். முதல் ஆண்டு முழுவதும் மொழி. குழந்தைகள் சிரித்துத் திருத்தும் உச்சரிப்பு. மலேரியாக் காய்ச்சல். சோற்றுக்குப் பதிலாக மக்காச்சோள மாவுக் களி. ஒரு பங்கு என்றால் பல கிளைச் சிற்றூர்கள். மழைக்காலத்தில் வண்டி சேற்றில் சிக்கும். இதற்கிடையே பள்ளிக்கூடக் கணக்கு, பழுதான நீரிறைக்கும் இயந்திரம், மருந்தகத்தின் வெற்று அலமாரி. போதனை செய்யும் நேரத்தை விடக் காத்திருக்கும் நேரமே மிகுதி.

ஒரே மாற்றம், இன்று கைப்பேசி இருக்கிறது. அருளானந்தரின் தாய்க்கு மகன் நலமா என்று அறியக் கப்பல் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைய தாய் மகனின் முகத்தையே திரையில் பார்க்கிறாள். இது பெரும் ஆறுதல். சில வேளை பெரும் சோதனையும் ஆகும். வீட்டின் சிறு சண்டைகளையும் கடன்களையும் மனத்தாங்கல்களையும் நாள்தோறும் அவன் காதில் ஊற்றினால், அவன் உடல் அங்கும் உள்ளம் இங்குமாக இரண்டாகப் பிளந்துபோவான். மகனோடு பேசுங்கள், ஆனால் அவன் உண்ட உணவையும் கற்ற சொல்லையும் புதிதாய் அறிந்த மனிதரையும் பற்றிக் கேளுங்கள். உங்கள் வீட்டுச் செபமாலையில் அந்த மக்களின் ஊர்ப்பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குழந்தைகளும் பத்துப் பேரும்

மறைபோதகம் குருக்களின் வேலை என்று ஒதுங்குவோருக்கு ஒரு சொல். புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழ் அறியார். இருமொழி தெரிந்தவர்களை உட்கார வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியுடன் தெருவில் நடந்து குழந்தைகளைக் கூட்டினார். நோயாளிகள் பலர் அழைத்தபோது தாம் ஒருவராக எங்கும் போக இயலாமல், செபம் கற்ற சிறுவர்களையே அவ்வீடுகளுக்கு அனுப்பினார். நோயாளியின் அருகில் நின்று செபிக்கவும், கற்றதைப் பெற்றோருக்குக் கற்பிக்கவும் அவர்களைத் தூண்டினார். இதைத் தம் கடிதங்களில் அவரே எழுதியிருக்கிறார். பரதவர் வீட்டுப் பிள்ளைகளே அவருக்கு முதல் உபதேசியார்கள்.

பிரான்சு நாட்டு லியோன் நகரில் பவுலின் ஜாரிக்கோ என்னும் இளம்பெண், தொழிலாளிகளைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து, மறைபோதகத்துக்காகச் செபிக்கவும் வாரத்துக்கு ஒரு சல்லிக்காசு போடவும் செய்தார். அதிலிருந்தே 1822-இல் விசுவாசப் பரப்புதல் சபை பிறந்தது. அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர். 2022 மே 22-ஆம் நாள் அவர் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். அக்டோபர் இறுதிக்கு முந்திய ஞாயிறன்று நாம் கொண்டாடும் மறைபரப்பு ஞாயிறு, 1926-இல் 11-ஆம் பத்திநாதர் ஏற்படுத்தியது. அன்று நீங்கள் உண்டியலில் இடும் சில ரூபாய், அப்பெண்ணின் பத்துப் பேர் கணக்கில் உங்களையும் சேர்க்கிறது.

நம் வட்டாரத்துக்கும் ஒரு கடன் உண்டு. இத்தாலியில் பிறந்த சலேசியக் குருவான ஓர்பேயோ மன்தோவானி அடிகளார் 1960-களில், நமக்கு அருகிலுள்ள வியாசர்பாடியில், தொழுநோயாளருக்கும் நாதியற்றவருக்கும் புகலிடம் அமைத்தார். 1967-இல் காலமாகி நம் மண்ணிலேயே கலந்தார். அவரைப் பெற்றவளும் ஒருநாள் ஒரு கப்பலைப் பார்த்துக் கண்ணீர் விட்டிருப்பாள். யாரோ ஒரு தாய் விட்டுக்கொடுத்ததனால் நம் தெருக்களில் புண்கள் கழுவப்பட்டன. பெற்றுக்கொண்ட நாம் கொடுப்பதற்கு முறை வரும்போது கையை மூடிக்கொள்ளலாமா?

எனவே பெற்றோரே, உங்கள் பிள்ளை இவ்விருப்பத்தைச் சொன்னால் உடனே தடுக்கவும் வேண்டாம். உடனே தோளில் தூக்கிக் கொண்டாடவும் வேண்டாம். சோதித்துப் பாருங்கள். கிடைத்ததை உண்பானா? நோயாளியின் அருகில் முகம் சுளிக்காமல் உட்காருவானா? தன்னிலும் எளியவன் தன்னைத் திருத்தினால் பொறுத்துக்கொள்வானா? ஒரே வேலையைப் பாராட்டின்றி ஆண்டு முழுதும் செய்வானா? இவற்றை நம் வீட்டுச் சமையலறையிலேயே அறிந்துவிடலாம். கடல் கடந்தால் வரும் என்று காத்திருக்கும் புண்ணியம் கடல் கடந்தாலும் வராது.

நம் வாசலில் நிற்கும் அயல்நாடு

முடிக்குமுன் ஒன்று. இரும்புச் சந்தையில் தகடு ஏற்றும் இளைஞர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் அவர்களுள் பலர். அவர்களுக்கு நம் சாத்தாங்காடே அயல்நாடு. மொழி தெரியாது, சோறு பழகவில்லை, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் தாய் இல்லை. ஜார்க்கண்டின் சோட்டாநாக்பூர்ப் பகுதிப் பழங்குடியினருள் கத்தோலிக்கர் மிகப் பலர். பெல்ஜியம் நாட்டு இளங்குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885-இல் அங்கே சென்று, அவர்கள் மொழியைக் கற்று, நிலத்தை இழந்து தவித்தவர்களுக்கு வழக்குகளில் துணைநின்றார். ஏழே ஆண்டு உழைப்பில் காசநோய் கண்டு ஊர் திரும்பி, 1893-இல் 37 வயதில் இறந்தார். அவர் விதைத்த விதையின் பேரப்பிள்ளைகள் இன்று நம் கோவிலின் கடைசி வரிசையில், ஒரு சொல்லும் விளங்காமல், திருப்பலி முடியும்வரை கைகட்டி நிற்கலாம். அவர்களிடம் நம்முள் யார் பேசியிருக்கிறோம்?

இந்த மாதம் ஒவ்வொரு குடும்பமும் ஒரு காரியம் செய்யட்டும். அப்படிப்பட்ட ஓர் இளைஞனின் பெயரைக் கேட்டறியுங்கள். அவன் மொழியில் நான்கு சொற்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள்: வணக்கம், சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, அம்மா நலமா. ஞாயிற்றுக்கிழமை ஒருவேளை அவனுக்கும் ஓர் இலை போடுங்கள். அவன் எந்த மதத்தவன் என்று கேட்கவேண்டாம். பசித்தவனா என்று மட்டும் பாருங்கள். உங்கள் மகன் என்றேனும் எங்கோ ஓர் ஊரில் காய்ச்சலாய்க் கிடக்கும்போது, அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கப்போகும் முகமறியாத தாய்க்கு, நீங்கள் முன்கூட்டியே செலுத்தும் நன்றி அதுவாக இருக்கும்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.